குழந்தைக்குப் பரிசாக ஓர் ஒட்டுத்துணிப் போர்வை: முதல்முறை தைப்பவர்களுக்கு

நெருங்கியவர்கள் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, கையால் செய்த ஒன்றைக் கொடுக்க ஆசை என்றால், கம்பளி ஸ்வெட்டரைவிட, சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையைத்தான் சிபாரிசு செய்வேன். ஸ்வெட்டர் சில மாதங்களில் சின்னதாகிவிடும். போர்வைக்கு அந்தக் கவலை இல்லை. மெஷினில் நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும். வளைவு, ஜிப், காஜா எதுவும் கிடையாது.

நாம் தைக்கப்போவது 36 அங்குலச் சதுரம். 5 அங்குலச் சதுரத் துண்டுகள் 64 வேண்டும். வரிசைக்கு 8 வீதம் 8 வரிசை. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால், தைத்து முடித்த பிறகு ஒரு துண்டு 4½ அங்குலமாகத் தெரியும்.

தேவையானவை

எட்டு விதமான பருத்தித் துணி, ஒவ்வொன்றிலும் கால் மீட்டர். 44 அங்குல அகலத் துணியில் 5 அங்குலப் பட்டை ஒன்று வெட்டினாலே 8 சதுரம் வந்துவிடும். அடிப்பக்கத்துக்கு ஒன்றேகால் மீட்டர், ஓரம் கட்ட அரை மீட்டர், நடுவில் வைக்க பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு 40 அங்குலச் சதுரம். பழைய பருத்திச் சட்டைகளையும் தாராளமாக வெட்டலாம். இழுத்தால் நீளும் டி-ஷர்ட் துணி மட்டும் முதல் போர்வைக்கு வேண்டாம்.

எல்லாத் துணியையும் முதலில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பின்னால் ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல் போனால் தையல் இழுத்துக்கொள்ளும். சாயம் போகிற துணியும் இப்போதே தெரிந்துவிடும்.

வெட்டுவதும் கால் அங்குலமும்

இந்த வேலையில் கண்டிப்பு தேவைப்படுவது இங்கேதான். ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) அதற்கான பாயும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கெட்டி அட்டையில் சரியாக 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதைத் துணியின் இழை ஓட்டத்துக்கு நேராக வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரியுங்கள்.

வெட்டிய 64 துண்டுகளையும் தரையில் பரப்பி, ஒரே துணி அடுத்தடுத்து வராதபடி மாற்றி மாற்றி வையுங்கள். திருப்தியானதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது நடுவில் மிதித்துக் கலைத்துவிட்டால் அதுதான் துணை.

அப்புறம் தையல். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கமும் உள்ளே பார்க்கும்படி சேர்த்துவைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தையுங்கள். ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி, மெஷின் தட்டில் ஒரு டேப் துண்டு ஒட்டிக்கொண்டால் துணியை அதையொட்டியே தள்ளலாம். இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு தையலிலும் வெறும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், ஒரு வரிசையின் 7 தையலில், இரண்டு பக்கமும் சேர்ந்து, 7/8 அங்குலம் காணாமல் போகும். அடுத்த வரிசையில் குறைவாகப் பிடித்திருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அதனால் முதலில் மீதத் துணியில் மூன்று சதுரங்களைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். சரியாக 4½ அங்குலம் வந்தால் மேலே போகலாம்.

ஒவ்வொரு வரிசையாகத் தைத்து முடியுங்கள். ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம், இரட்டைப்படை வரிசைகளை இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுங்கள். தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். இப்போது இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடங்களில் குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் மூலைகள் தானாகவே சேரும்.

மூன்று அடுக்கு

அடித்துணியை 40 அங்குலச் சதுரமாக வெட்டி, உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதை இழுத்து நீட்டக் கூடாது. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். ஊக்கில் கஞ்சத்தனம் காட்டினால் பின்பக்கம் மடிப்பு விழும், அதைப் பிரிப்பது பெரிய தலைவலி.

இனி மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இணைப்புக் கோட்டின் மேலேயே தைப்பது சுலபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் விலகினாலும் பளிச்சென்று தெரியும். இணைப்புக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள், பார்க்கவும் அழகு. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். மெஷினில் வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் கூடவே நகர்த்தும் தனி அழுத்துபாதம்) மாட்டினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நகராது. நடுக்கோட்டில் தொடங்கி வெளிநோக்கிப் போங்கள். வழியில் வரும் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டே வாருங்கள். கையால் ஓட்டத் தையல் போடுவதும் நன்றாகவே இருக்கும், பொறுமைதான் வேண்டும்.

ஓரம்

வெளியே நீட்டியிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணிக்குச் சமமாக வெட்டுங்கள். 2½ அங்குல அகலப் பட்டைகள் நான்கு எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து, நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போடுங்கள். பட்டையின் ஒரு முனையை அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொண்டு, போர்வையின் முன்பக்கம், ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்குங்கள். பட்டையின் திறந்த ஓரம் போர்வை ஓரத்தோடு சேர வேண்டும். தொடக்கத்தில் 4 அங்குலத்தைத் தைக்காமல் விட்டுவிட்டு, கால் அங்குலத்தில் தைத்துப் போங்கள்.

மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு மேல் ஓரத்தோடு மடிப்பு சேரும்படி கீழே இறக்கி, அடுத்த பக்கத்தை ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். சுற்றி வந்ததும் மறுமுனையைத் தொடக்க மடிப்புக்குள் சொருகித் தைத்து முடியுங்கள். பட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்தால் ஆயிற்று. பொத்தான், மணி, லேஸ் எதுவும் வைக்காதீர்கள். பிய்ந்து வந்தால் வாய்க்குள்தான் போகும்.

கொடுப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் ஒருமுறை துவையுங்கள். பருத்திப் பஞ்சாக இருந்தால் லேசாகச் சுருங்கி, சின்னச் சின்னக் கோணல்களை மறைத்துவிடும். பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: மெஷினில் துவைக்கலாம், ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் இதைப் போர்த்தவோ விரிக்கவோ வேண்டாம், விழித்திருக்கும்போது கண் எதிரே தரையில் விரித்து விளையாட விடலாம்.

பெரியவர்களுக்குத் தைக்க ஆசை வந்தால் வரிசைக்கு 10 சதுரம், 12 வரிசை. 45க்கு 54 அங்குலம் வரும். அதற்கு மட்டும் அடித்துணியை நடுவில் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.