பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை மறுபதிவு செய்யும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யலாம் என்று சேலத்துக் குழு ஒன்று பேச ஆரம்பித்தால், முதலில் அடிபடும் பெயர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’. 1958இல் வந்தது. மூன்றே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), மூன்று நிமிடம்கூட ஓடாது. எளிதாகத் தெரிகிறதே, வில்லங்கம் அதில்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிட்டாரை மட்டும் கேட்டுப் பழகுவது. தொடக்க வரியைச் சுரம் பிசகாமல் வாசித்துவிடுகிறார்கள்; பின்னால் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. அந்தப் பதிவில் பிரெட் பிலோ டிரம்ஸை, ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையின் சாயலோடு ஆட்டி வாசிக்கிறார். பெர்ரியின் கிட்டாரோ ஒவ்வொரு தட்டையும் சமமாக வெட்டிக்கொண்டு சதுஸ்ரத்தில், அதாவது நான்காகப் பிரியும் நடையில் ஓடுகிறது. இரண்டும் முழுதாக ஒட்டுவதில்லை. அந்த உரசலில்தான் பாட்டு துள்ளுகிறது. நம் பிள்ளைகள் எல்லா வாத்தியத்தையும் சதுஸ்ரத்துக்கு இழுத்து, போதாததற்குக் கணினியில் ஒவ்வொரு அடியையும் கோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். காதில் விழுவது போலீஸ் அணிவகுப்பு. தவில் தெரிந்த ஒருவரை அழைத்து, டிரம்மருக்குப் பக்கத்தில் திஸ்ரத்தைக் கையில் போடச் சொல்லிப் பாருங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைவிட அவர் உதவுவார். பதிவையும் தனித்தனி டிராக்காக எடுக்காமல், எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து எடுப்பது நல்லது.

கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவைக் குறையுங்கள். அந்தக் காலத்து ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) லேசாகக் கரகரத்ததே தவிர, உறுமவில்லை. பேஸில் வில்லி டிக்சன் வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். அதன் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். எலெக்ட்ரிக் பேஸ் வைத்திருப்பவர் தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வாசித்தால் ஓரளவு அருகில் வரலாம். குரலுக்குக் கல்யாண மண்டப எதிரொலி வேண்டாம். அந்தக் காலத்து எதிரொலி வேண்டுமானால் வேறு பதிவுகளைக் கேளுங்கள்: அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துச் சன் ஸ்டூடியோவில் அதன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் டேப் இயந்திரங்களை வைத்து உண்டாக்கிய எதிரொலி, குரலை ஒட்டினாற்போல் ஒரே முறை திரும்பி வந்து நின்றுவிடும்.

அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்வதும் வீண் வேலை. பெர்ரி கதை சொல்கிறவர். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். அதைப் பின்பற்றினால் போதும்.

இடத்தைப் பற்றியும் ஒன்று. அம்மாப்பேட்டைப் பக்கம் மாடியறையில் பதிவு செய்தால், விசைத்தறி உங்கள் டிரம்மருக்குப் போட்டியாக மைக்கில் ஏறும். அதற்குப் பயந்து ஏற்காட்டுக்கு வாத்தியங்களோடு ஏறுகிறவர்கள் உண்டு. பனிமூட்டத்தின் ஈரத்தில் கிட்டார் மரம் உப்பிச் சுருதி நகரும். போனதும் பெட்டியைத் திறந்து வாசிக்காமல், ஓர் இரவு அறையில் கிடக்கவிட்டு மறுநாள் சுருதி சேருங்கள்.

கடைசியாக உரிமை. ‘அறுபது ஆண்டு தாண்டிவிட்டது, இனி யாரும் கேட்கமாட்டார்கள்’ என்பது பாதி உண்மை. இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டு முடிந்திருப்பது 1958இன் ஒலிப்பதிவுக்கு மட்டும். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு; பெர்ரி இறந்தது 2017இல். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு மறுபதிவுக்கு வழி தருகிறது. ஆனால் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும்; ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். சிறிய குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. உரிமையாளரிடம் நேரடியாக உரிமம் கேட்பதே நடைமுறை. அந்தப் பிரிவு ஒலிப்பதிவுக்கு மட்டுமே பொருந்தும். வீடியோ எடுத்தால் தனி அனுமதி. தமிழில் வரி எழுதிச் சேர்க்கும் ஆசை இருந்தால் அதற்கும் அனுமதி வாங்கிவிட்டே ஸ்டூடியோவுக்கு முன்பணம் கொடுங்கள்.