பெங்களூரிலிருந்து அந்தமானுக்கு: ஹேவ்லாக்கை விட்டுவிட்டுப் பறவை பார்ப்பது எப்படி

முதல் தடவை போனபோது எல்லாரையும் போல ஹேவ்லாக், நீல் தீவுகள் என்று படகில் சுற்றினேன். ஐந்து நாளில் பாதி ஜெட்டி வரிசையிலேயே போய்விட்டது, உருப்படியாகப் பார்த்த பறவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். இரண்டாம் தடவை தெற்கு அந்தமானை விட்டு நகரவே இல்லை, ஒரே சாலையில் மூன்று காலை நடந்தேன். பயணம் பலித்தது அப்போதுதான்.

போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். பெங்களூரிலிருந்து நேர் விமானத்தில் இரண்டரை மணி நேரம், மாலையில் சில்க் போர்டைத் தாண்ட ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், மே மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். நிக்கோபார் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, நார்கொண்டம் தீவும் அப்படித்தான். அதனால் நார்கொண்டம் இருவாச்சியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். உலகத்திலேயே அந்தச் சின்னத் தீவில் மட்டும் இருக்கிற பறவை அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையை லால்பாகில் ஆரம்பியுங்கள். அந்தமானின் ஓரிடவாழ்விகளில், அதாவது வேறெங்கும் இல்லாத பறவைகளில், பல நம் ஊர்ப் பறவைகளின் தூரத்துச் சொந்தங்கள். இங்கே செம்போத்தை நன்றாகப் பார்த்துப் பழகியிருந்தால், அங்கே உடம்பில் கருப்பே இல்லாமல் மங்கிய பழுப்பாக ஒன்று புதரிலிருந்து எட்டிப் பார்க்கும்போது அந்தமான் செம்போத்து என்று சட்டென்று பிடிபடும். வால்காக்கையும் இப்படித்தான். கழுகில் மட்டும் உஷார்: கடலோரத்திலும் அலையாத்திக் காட்டிலும் இருக்கிற வெளிறிய பாம்புக் கழுகு நம் ஊர் இனத்தின் தீவு வடிவம், உள்காட்டில் உட்கார்ந்திருக்கும் கரும்பழுப்புக் கழுகுதான் அந்தமானுக்கே உரியது. பார்த்த இடத்தையும் குறித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

குரல்களையும் பட்டியல்களையும் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் பதிவுக் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இருப்பதே சில சாலைகள், வருகிற ஒவ்வொரு குழுவும் அதே மரத்தடியில் அதையே செய்தால் அந்தப் பறவை எப்போது இரை தேடும்?

நேரக் கணக்கு முக்கியம். நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வெகு முன்பே வந்துவிடும். குளிர்காலத்தில்கூட ஐந்தரைக்கு வெளிச்சம் வந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நாலரைக்கு வண்டி வேண்டும் என்று சொன்னபோது எங்கள் டிரைவர், ராமநாதபுரத்துக்காரர், "என்னண்ணே, அந்நேரத்துக்கு எந்தப் பறவைண்ணே முழிச்சிருக்கும்?" என்றார். ஊரில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழ் பேசுகிற டிரைவராகவே பிடித்துக்கொள்ளுங்கள், எங்கே நிறுத்துவது என்று வாய்விட்டுச் சொல்ல வசதி.

சரி, அந்த ஒரே சாலை எது? சிடியா டாப்பு. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். மாலையில் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் கூடும், விடியலில் ஆளே இருக்காது. இங்கே நடப்பதைவிட நிற்பதுதான் வேலை. மூன்றாம் நாள் காலை ஒரு மதகுக் கட்டையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து ஓரத்துச் சருகில் சின்னச் சலசலப்பு, ஓணான் என்று நினைத்தேன். பச்சை அலகு முதலில் வந்தது, பிறகு செங்கல் நிறக் கழுத்து, வாலைச் சுண்டிக்கொண்டே தாரின் விளிம்பில் இரண்டு அடி வைத்து ஒரு சருகைப் புரட்டிவிட்டு உள்ளே போய்விட்டது அந்தமான் காணான்கோழி. கேமராவை எடுக்கப் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

மற்றவை இந்த அளவுக்குப் படுத்தாது. சிவப்புக் கொண்டை வைத்த கருப்பு மரங்கொத்தி தட்டுகிற சத்தத்திலேயே மாட்டிக்கொள்ளும், வெள்ளைத்தலை மைனா ஊர் ஓரத்துக்கே வரும். மாலைக் கூட்டம் கலைந்து இருட்டியதும் அரை மணி நேரம் சிடியா டாப்பிலேயே இருந்தால் ஆந்தையும் பக்கியும் கூப்பிடும். டார்ச்சை மரத்தில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கேட்டாலே போதும்.

ஒரு நாளை மவுண்ட் ஹேரியட்டுக்கு ஒதுக்குங்கள், 2021 முதல் அதன் பெயர் மவுண்ட் மணிப்பூர். சாத்தம் ஜெட்டியில் வண்டியோடு படகேறி பாம்பூ ஃபிளாட்டில் இறங்கிப் போக வேண்டும். காட்டுப்புறாவுக்கு இந்த மலை நல்லது. ஜிர்காடாங்குக்கும் பலர் போவார்கள், ஆனால் அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். அங்கே வண்டியை நிறுத்துவதோ படம் எடுப்பதோ சட்டப்படி குற்றம், பறவைக்காகக்கூடக் கூடாது.

சாமானில் 8×42 பைனாகுலர் போதும். ஏசி அறையிலிருந்து அப்படியே வெளியே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து முதல் பத்து நிமிடம் வீண், ராத்திரி பால்கனியில் துணி சுற்றி வைத்துவிடுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், நீளமான சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்புகிற விமானத்தை முடிந்தால் மதியத்துக்குப் போடுங்கள், கடைசிக் காலையை சிப்பிகாட் என்ற இடத்தில் கழிக்கலாம். 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் 1 மீட்டர் அமிழ்ந்து, இங்கிருந்த வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. அவை இன்று சதுப்பு. வெளிச்சம் ஏறுவதற்குள் போய் ரோட்டோரத்திலேயே நின்று, அந்தத் தண்ணீர் ஓரமாகத் துழாவுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை பூசிக்கொண்ட பழுப்புக் கிளுவை, அதாவது சின்னக் காட்டு வாத்து, இருந்தால், அதுதான் அந்தமான் கிளுவை.