சமபல அணிகளும் வீரர் வளர்ச்சியும்: சிறுவர் கால்பந்து நடத்துவோருக்கான வழிமுறை

அமெரிக்காவில் 1964-இல் தொடங்கப்பட்ட ஏஒய்எஸ்ஓ என்னும் சிறுவர் கால்பந்து அமைப்பு, தன் ஆறு அடிப்படைக் கொள்கைகளில் சமநிலையான அணிகளையும் வீரர் வளர்ச்சியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுபவை என்பது நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அணிகளைச் சமமாகப் பிரித்தால், நன்றாக ஆடும் சிறுமிக்கு ஈடுகொடுக்க அணியில் ஆளில்லை என்று அவளுடைய பெற்றோர் குறைப்படுகிறார்கள். நன்றாக ஆடுபவர்களை ஒரே அணியில் சேர்த்தாலோ, வாராவாரம் 9–0 என்று தோற்கும் அணியிலிருந்து குழந்தைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே ஏற்பாட்டால் சாதிக்க முயல்வதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. போட்டிக்கான அணி சமபலத்துடன் இருக்கட்டும். பயிற்சிக்கான குழுவை அணி எல்லைகளைத் தாண்டி, குழந்தையின் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இங்கே கூறப்படுபவை 7 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மதிப்பீட்டு நாள்

மதிப்பெண் இல்லாமல் அணி பிரிக்க முடியாது. ஒவ்வொரு குழந்தையையும் குறைந்தது இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். கூம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் செல்லச் சொல்லி நேரம் குறிப்பதைவிட, 4-க்கு 4 என்ற சிறு ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்திப் பார்ப்பது மேல். எதிரணியினர் நெருங்கும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கிறதா, பந்தைப் பறிகொடுத்தவுடன் நின்றுவிடுகிறதா அல்லது துரத்துகிறதா என்பதெல்லாம் ஆட்டத்தில்தான் வெளிப்படும். கோல் கீப்பராக நிற்க விருப்பமுள்ளவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் திறமையைவிட விருப்பமே அரிது.

பிறந்த மாதம் மதிப்பீட்டாளரின் கண்ணை எளிதில் ஏமாற்றிவிடும். ஜனவரி 1-ஐ வயதுக் கணக்கின் எல்லையாகக் கொண்டால், ஜனவரியில் பிறந்த ஏழு வயதுக் குழந்தைக்கும் டிசம்பரில் பிறந்த குழந்தைக்கும் ஏறத்தாழ 11 மாத வேறுபாடு இருக்கும். அந்த வயதில் அது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவரின் உயரத்தையும் வேகத்தையும் திறமை என்று கணக்கில் எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், வீரர்களின் சட்டை எண்களை வயது வரிசைப்படி கொடுத்து, அந்த விவரத்தைத் தேர்வாளர்களிடம் சொன்னபோது, மூத்தவர்கள் பக்கம் சாய்ந்த தேர்வு நேரானது. பிறந்த தேதியைத் தாளில் கொடுத்ததால் மட்டும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதைப் பின்பற்றச் செலவேதும் இல்லை: எண்ணிட்ட மேல்சட்டைகளைப் பிறந்த தேதி வரிசையில் கொடுத்து, சிறிய எண் என்றால் மூத்தவர் என்று மதிப்பிடுபவர்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

பிரிக்கும் முறை

நாற்பது குழந்தைகளை நான்கு அணிகளாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். தரவரிசையில் முதல் நால்வரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அணிகளுக்கு வழங்கி, அடுத்த நால்வரை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வழங்குவது பரவலான வழக்கம். முதல் அணிக்கு 1-ஆம், 8-ஆம் இடத்தவரும், நான்காம் அணிக்கு 4-ஆம், 5-ஆம் இடத்தவரும் கிடைப்பதால், வரிசை எண்களின் கூட்டுத்தொகை எங்கும் 9 ஆகவே வரும். காகிதத்தில் இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் முதலிடத்தவருக்கு 5.0 மதிப்பெண்ணும், அடுத்த எட்டுப் பேருக்கும் 4.0 முதல் 3.8 வரையும் இருந்தால், முதல் அணிக்கு 8.8 கிடைக்கும்போது நான்காம் அணி 7.9-உடன் நிற்கும். ஏழு பேர் ஆடும் சிறு மைதானத்தில் அந்த ஒருவரே ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். ஆகவே வரிசை எண்ணைக் கூட்டாமல் மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். தனித்து நிற்கும் வீரர் எந்த அணிக்குப் போகிறாரோ, அந்த அணி அடுத்த இரண்டு சுற்றுகளிலும் கடைசியாகவே ஆள் பெற வேண்டும்.

பட்டியலின் மேற்பகுதியில் காட்டும் அக்கறையைக் கீழ்ப்பகுதியிலும் காட்ட வேண்டும். சிறந்த வீரர் இல்லாத அணி சமாளித்துவிடும். முதன்முறையாகப் பந்தைத் தொடும் நால்வர் ஒன்றாகச் சேர்ந்த அணி சமாளிக்காது.

இனி, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத ஒன்று. நன்றாக ஆடும் இரு பிள்ளைகளின் பெற்றோர், ஒருவர் பயிற்சியாளராகவும் மற்றவர் துணைப் பயிற்சியாளராகவும் பெயர் கொடுத்து, பிரிப்பு தொடங்கும் முன்பே ஒரு வலுவான ஜோடியைத் தம் அணியில் உறுதிசெய்துகொள்வார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. விதியை மாற்றினால் போதும். முதலில் அணிகளைப் பிரித்துவிட்டு, எந்த அணி எந்தப் பயிற்சியாளருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். அவருடைய பிள்ளை வேறு அணியில் இருந்தால், அதே மதிப்பெண் உள்ள ஒருவருக்கு ஈடாக மாற்றிக்கொள்ளலாம். நண்பருடன் ஆட வேண்டும் என்ற கோரிக்கையை ஒருவருக்கு ஒன்று என்று வரம்பிட்டு, இருவரும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலித் தொடராக நீண்டு அரை அணியே ஒரு நண்பர் கூட்டமாகிவிடும்.

பருவம் தொடங்கிய பின்

எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஓர் அணியாவது பிசகிவிடும். ஆகவே மூன்றாவது போட்டிக்குப் பிறகு ஒருமுறை மறுபரிசீலனை உண்டு என்பதையும், அப்போது ஓரிரு வீரர்கள் இடம் மாறக்கூடும் என்பதையும் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். முன்கூட்டியே எழுதப்பட்ட விதியைப் பெற்றோர் ஏற்பார்கள். நடுவில் அறிவிக்கப்படும் மாற்றத்தைத் தம் பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையாகவே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது வெற்றி தோல்வியை அல்ல, கோல் வித்தியாசத்தை. மூன்று போட்டிகளையும் 2–1, 3–2, 1–0 என்று இழந்த அணியைத் தொடவே வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவிலும் சமன்செய்ய வழிகள் உண்டு. நார்வேயின் சிறுவர் ஆட்டங்களில் நான்கு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஒரு வீரரை இறக்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2024–25 பருவம் முதல் சிறுவர் பிரிவுகளில் கட்டாயமாக்கப்பட்ட ஆட்டமுறையில், பல சிறு மைதானங்களில் குறுகிய ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வென்ற அணி ஒரு மைதானம் மேலே போகும், தோற்ற அணி ஒரு மைதானம் கீழே வரும். இரண்டு மூன்று சுற்றுகளில் ஒவ்வோர் அணியும் தனக்கு இணையான அணியைத் தானாகவே சந்தித்துவிடும். போதிய இடமும் சிறிய கோல் கம்பங்களும் இருந்தால், எந்த மதிப்பெண் முறையையும்விட இதையே நான் பரிந்துரைப்பேன். இங்கிலாந்தில் 11 வயதுக்குட்பட்டோர் வரையிலான ஆட்டங்களின் முடிவுகளை வெளியிடுவதில்லை. புள்ளிப் பட்டியல் இல்லாதபோது ஆள் சேர்க்கும் ஆசையும் தணிகிறது.

ஆடும் நேரத்தை முன்னதாகவே தாளில் எழுதி வைப்பது நல்லது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒன்பது பேர் கொண்ட அணி, நேரத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்தால், பகுதிக்கு இருவராக மொத்தம் எட்டு ஓய்வுகள் வரும். எட்டுப் பேர் ஒருமுறை உட்காருவார்கள், ஒருவர் உட்காரமாட்டார். அந்த ஒருவர் வாரந்தோறும் மாறட்டும்.

வளர்ச்சி நடக்கும் இடம்

திறமையான குழந்தையின் பெற்றோர் எழுப்பும் கேள்விக்கு விடை பயிற்சி மைதானத்தில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு பயிற்சிகள் என்றால், ஒன்றைத் தனித்தனி அணிகளாகவும் மற்றொன்றை அந்த வயதுப் பிரிவு முழுவதையும் ஒரே மைதானத்தில் சேர்த்தும் நடத்துங்கள். சேர்ந்து நடக்கும் பயிற்சியில் முதல் பாதி கலப்புக் குழுக்களாகவும், இரண்டாம் பாதி ஒத்த நிலையினர் ஒன்றாகவும் ஆடட்டும். அப்போதுதான் நான்கு அணிகளிலும் தனித்து நிற்கும் நால்வர் ஒருவரையொருவர் எதிர்கொள்கிறார்கள். பந்தைப் பெற்றுத் திரும்பக்கூட நேரம் கிடைக்காத அந்த நெருக்கடி, போட்டி நாளில் அவர்களுக்குக் கிட்டாதது. தொடக்க நிலையினரும் அதே நேரத்தில் யாரும் வந்து பிடுங்கிக்கொள்ளாத பந்தை நெடுநேரம் காலில் வைத்திருக்கிறார்கள். இக்குழுக்களுக்குப் பெயரோ தர எண்ணோ வேண்டாம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி அமையுங்கள். எட்டு வயதில் கீழ்க்குழு என்று நிலைத்துவிட்ட குழந்தை பத்து வயதில் அங்கே இருக்காது. வேறு விளையாட்டுக்குப் போயிருக்கும்.

போட்டியிலும் வலுவான வீரருக்குத் தனிப் பணி கொடுக்கலாம். எளிதாக மூன்று கோல் அடித்துவிட்ட ஃபார்வர்டை டிஃபென்ஸுக்கு மாற்றி, அங்கிருந்து பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பச் சொல்லுங்கள். அல்லது பலவீனமான காலால் மட்டுமே பாஸ் கொடுக்கும்படி அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால் அது தண்டனையாகிவிடும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேறொரு வேறுபாடு தலைகாட்டும். உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதிலும் சிறுவர்களுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. ஆளுக்கு ஆள் இது ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகும். திடீரென வளர்ந்தவர் சில மாதங்கள் தடுமாறுவதும் இயல்பே. பெல்ஜியக் கால்பந்துச் சங்கம் தாமதமாக முதிரும் இளைஞர்களுக்கென்றே தனித் தேசிய அணிகளை நடத்துகிறது. உங்களிடம் அவ்வளவு ஆள்பலம் இல்லாவிட்டாலும், அவ்வப்போது ஒரு பயிற்சிக்கு வயதைப் பாராமல் உடல் வளர்ச்சியைப் பார்த்துக் குழு பிரித்தால், சிறிய உடலுடைய நல்ல ஆட்டக்காரர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

பருவ முடிவில் அடுத்த ஆண்டுக்கான மதிப்பெண்ணைப் பயிற்சியாளர்களிடம் கேட்கும்போது, தம் வீரர்களுக்கு மட்டுமன்றி எதிர்த்து ஆடிய மூன்று அணிகளின் வீரர்களுக்கும் மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். தன் பிள்ளைக்குக் குறைத்துப் போட்டு, அடுத்த ஆண்டு பலவீனமான ஒருவருக்கு ஈடாகத் தன் அணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பயிற்சியாளர் எங்கும் ஒருவராவது இருப்பார். மற்ற மூவரின் மதிப்பெண் அதை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.