முள்ளம்பன்றியிடமிருந்து குச்சிக்கிழங்கைக் காப்பாற்றிய கதை

பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி எங்கள் வீடு. கொல்லையில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), பூசணி, கத்தரி போட்டிருந்தேன். கிழங்கு திரண்டு வரும் நேரத்தில் தினமும் காலையில் ஒரு செடி சாய்ந்து கிடந்தது. காட்டுப்பன்றி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பி, சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினேன்.

பலனில்லை. ஒருநாள் வேலி ஓரம் பறித்திருந்த குழியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, சாண் நீள முள் ஒன்று கிடந்தது. மிச்சம் கிடந்த கிழங்கிலும் உளி வைத்துச் செதுக்கியது போல அகலமான பல் தடம். அப்புறம்தான் புரிந்தது, வந்தது முள்ளம்பன்றி. ராத்திரியில்தான் வரும், வேலியைத் தாண்டாது, அடியில் பறித்துக்கொண்டு நுழையும்.

சுருக்கு வைக்கலாம் என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. வேண்டவே வேண்டாம் என்றேன். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், தவிர அதுவும் வயிற்றுக்குத்தானே வருகிறது.

கம்பி வலை வாங்கி, தரைக்கு மேல் மூன்றடி நிற்க, சுற்றிலும் ஓரடி ஆழம் பள்ளம் வெட்டிப் புதைத்தேன். அடி விளிம்பை அரையடி வெளிப்பக்கமாக மடக்கி, மேலே கல் அடுக்கி மண் தள்ளினேன். பறிக்க வந்தால் வலைதான் தட்டுப்படும். இந்த மடிப்புதான் முக்கியம், நேராகப் புதைத்தால் இன்னும் ஆழமாகப் பறித்துவிடும். வாசல் படலுக்கு அடியில் மட்டும் ஒரு கல் பலகை பதித்தேன்.

மறுநாளே வெளியே இரண்டு இடத்தில் கீறியிருந்தது, உள்ளே ஒரு செடி அசையவில்லை.