காகிதம், அலுமினியம், காரீயம்: வருவது எந்தக் கதிர் என்று கண்டுபிடிக்கலாம்

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவன், இணையத்தில் வாங்கிய, கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவியோடு வகுப்புக்கு வந்தான். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் (ஒளிரும் வலை) ஒன்றும் கையில் இருந்தது. மேண்டிலைப் பிளாஸ்டிக் பையோடு கருவி முன்னால் வைத்தான், படபடவென்று சத்தம். நடுவில் ஒரு தாளைச் செருகினான், சத்தம் குறையவில்லை. "டீச்சர், இதுல ஆல்ஃபாவே இல்ல" என்றான்.

இருக்கிறது. அந்தக் காலத்து மேண்டில்களில் தோரியம் சேர்த்திருப்பார்கள். தோரியம் ஆல்ஃபா உமிழும் தனிமம். ஆல்ஃபாக் கதிரை ஒரு தாளே நிறுத்தும், பீட்டாவை அலுமினியம் நிறுத்தும், காமாவுக்குக் காரீயம் வேண்டும் என்பது பாடம். பையன் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தான். ஆனால் ஆல்ஃபா முதலில் பையின் பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிட்டது. அதைத் தாண்டி வந்திருந்தாலும் கருவியின் குழாய்க்குள் நுழைந்திருக்காது. தாள் வைப்பதற்கு முன்பே ஆல்ஃபா போய்விட்டது என்றால், தாள் எதைக் குறைக்கும்? அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் சோதனைக்கு வயது 100-க்கு மேல். 1899-இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு யுரேனியத்தின் கதிர்களை மெல்லிய அலுமினியத் தகடுகள் வழியாக அனுப்பிப் பார்த்தார். ஒரு வகை சட்டென்று நின்றது, இன்னொன்று ஊடுருவிப் போனது. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சு விஞ்ஞானி வில்லார்டு, அவற்றைவிட ஆழமாகப் போகும் மூன்றாவது வகையைக் கண்டார். அதுதான் காமா. நாமும் அதே வழியில்தான் போகப்போகிறோம்.

எதை வைத்துச் சோதிப்பது?

வீட்டில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது செம்பனைத் தோட்டங்களில் போடும் எம்ஓபி உரம். அது பொட்டாசியம் குளோரைடு. இயற்கையான பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை (ஐசோடோப்பு). அரைக் கிலோ உரத்தை மெல்லிய பையில் தட்டையாகப் பரப்பினால் போதும். ஆபத்தில்லாத கதிர் மூலம், ஆனால் கருவிக்குத் தெரியும் அளவுக்கு வலுவானது.

மேண்டில் கையில் இருந்தால் பையிலிருந்து எடுக்க வேண்டாம். எரிந்த மேண்டில் தூளாக உதிரும், அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகக் கூடாது. புகை உணர்கருவியைப் பிரித்து அதிலுள்ள அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருளை எடுக்கவே கூடாது. ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் அமாங் மணலிலும் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதை அள்ளி வந்து வீட்டில் வைக்காதீர்கள். அமெரிசியம்-241, ஸ்ட்ரோன்சியம்-90, கோபால்ட்-60 போன்றவற்றை ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பாருங்கள். நம் மலேசியாவில் கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது.

படி 1: குழாய்க்கு எது தெரியும்?

பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். கைகர்-முல்லர் குழாய்க்குள் கதிர் நுழைந்தால்தான் எண்ணிக்கை விழும். மலிவான கருவிகளில் பெரும்பாலும் கண்ணாடிச் சுவரோ உலோகச் சுவரோ உள்ள குழாய்தான் இருக்கும். வேகமான பீட்டாவும் காமாவும் அந்தச் சுவரைக் கடக்கும், ஆல்ஃபா கடக்காது. ஆல்ஃபாவைப் பார்க்க, குழாயின் முனையில் மெல்லிய மைக்கா (அப்பிரகம்) சன்னல் வேண்டும். விற்பவரின் விவரத்தில் மைக்கா என்ற சொல் இல்லையென்றால், உங்கள் கருவிக்கு ஆல்ஃபா தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கருவியை வைத்து "ஆல்ஃபா இல்லை" என்று எழுதக் கூடாது. "என் கருவியால் ஆல்ஃபாவைப் பார்க்க முடியாது" என்று எழுதுங்கள்.

படி 2: பின்னணியை எண்ணுங்கள்

மூலத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு, 10 நிமிடம் வெறுமனே எண்ணுங்கள். தரை, சுவர், விண்வெளி எல்லாவற்றிலிருந்தும் கதிர் வந்துகொண்டேதான் இருக்கும். கிரானைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் கொஞ்சம் உண்டு. பினாங்குத் தீவின் குன்றுகளே கிரானைட்தான். அதனால் தீவிலுள்ள ஆயர் ஈத்தாமில் எடுத்த பின்னணியை, பெருநிலத்திலுள்ள பிறையில் செய்யும் சோதனைக்குப் பயன்படுத்த முடியாது. ஒரே வீட்டிலும், சமையலறைக் கிரானைட் மேடையில் ஒரு அளவு, மர மேசையில் இன்னொரு அளவு வரலாம். ஒரு மேசையைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அங்கேயே செய்யுங்கள்.

படி 3: தடுப்பு இல்லாமல், பிறகு தாள்

கருவியையும் மூலத்தையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இரண்டும் நகராமல் ஒட்டுநாடா போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே எண்ணிக்கை மாறிவிடும், அதைத் தடுப்பின் வேலை என்று நினைத்துவிடுவீர்கள். அமெரிசியத்தின் ஆல்ஃபா காற்றில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டரில் நின்றுவிடும் என்பதால் அதிகம் தள்ளியும் வைக்கக் கூடாது. தடுப்பில்லாமல் 10 நிமிடம், நடுவில் ஒரு தாள் வைத்து 10 நிமிடம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 4: அலுமினியம்

சமையலறை அலுமினியத் தாள் மிக மெல்லியது, அதை மடித்து மடித்து மூன்று மில்லிமீட்டர் சேர்ப்பது வீண் வேலை. சன்னல் சட்டம் செய்யும் கடையில் மூன்று மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்று கேளுங்கள். பொட்டாசியம்-40-இன் பீட்டாவை அது முழுதாக நிறுத்தும். ஸ்ட்ரோன்சியம்-90 மூலத்துக்கு அது கொஞ்சம் போதாது. அது சிதைந்து உண்டாகும் சேய் தனிமமான இட்ரியம்-90 தரும் பீட்டாவுக்கு ஆற்றல் அதிகம், 4 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படும்.

படி 5: காரீயம்

நம் ஊரில் ஈயம் என்றால் ஈயச் சுரங்கத்து வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இங்கே வேண்டியது காரீயம். அது நச்சு, கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். "காரீயம் காமாவை நிறுத்தும்" என்று மாணவர்கள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். நிறுத்தாது, குறைக்கும். கோபால்ட்-60-இன் காமாவைப் பாதியாக்கவே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் காரீயம் வேண்டும்.

படி 6: எண்களைப் படிப்பது

உர மூட்டையை வைத்து 10 நிமிட அளவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: பின்னணி 240, தடுப்பில்லாமல் 640, தாளோடு 628, அலுமினியத்தோடு 262.

தாள் வைத்ததும் 12 குறைந்திருக்கிறது. அப்படியானால் கொஞ்சம் ஆல்ஃபா உண்டா? அவசரப்படாதீர்கள். கதிரியக்கச் சிதைவு சீரான தாளத்தில் நடப்பதில்லை, எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கும் என்று அறிய, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 640-உம் 628-உம் சேர்ந்தால் 1268, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 36. 36 அளவுக்குத் தடுமாறக்கூடிய இடத்தில் 12 என்பது ஒன்றுமே இல்லை.

அலுமினியம் வைத்ததும் 628 என்பது 262-க்கு இறங்கியது. இது தடுமாற்றம் அல்ல, இதுதான் பீட்டா.

மிச்சம், பின்னணியைவிட 22 அதிகம். அதன் தடுமாற்றமும் 22 தான். காமா உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இதற்கு ஒரே மருந்து நேரம். ஒரு மணி நேரம் எண்ணி, பின்னணி 1440, அலுமினியத்தோடு 1572 என்று வந்தால், வித்தியாசம் 132, தடுமாற்றம் 55. இப்போது ஏதோ ஒன்று அலுமினியத்தைத் தாண்டி வருகிறது என்று ஓரளவு நம்பலாம். உண்மையில் பொட்டாசியம்-40 சிதைவுகளில் 100-க்கு ஏறத்தாழ 11 காமாவைத் தருகின்றன. அவை கணக்கில் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் குழாய்தான். உள்ளே நுழைந்த பீட்டாவை அது ஏறக்குறைய தவறாமல் பிடிக்கும், காமாவிலோ நூற்றில் ஒன்றிரண்டுதான் அகப்படும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதால் காமாவே குறைவு என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆய்வுக்கூட மூலங்களிலும் இதே கவனம் வேண்டும். அமெரிசியத்தின் முன் தாளை வைத்த பிறகும் கொஞ்சம் எண்ணிக்கை மிஞ்சும். அது தாளின் குறையல்ல, அமெரிசியம் வலுக்குறைந்த காமாவையும் உமிழ்கிறது. ஒரு மூலம் ஒரு கதிரைத்தான் தரும் என்று எந்த விதியும் இல்லை.

அந்த மாணவனைப் போன வாரம் மைக்கா சன்னல் கருவி உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் கையுறையோடு மேண்டிலைப் பையிலிருந்து எடுத்து, தட்டில் வைத்து, சன்னலுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் நிறுத்தினார். 10 நிமிடம் எண்ணினோம். தாளை வைத்து இன்னொரு 10 நிமிடம். இரண்டையும் கூட்டி வர்க்கமூலத்தை அவனே போட்டான். எண்ணிக்கை குறைந்த அளவு, அந்தத் தடுமாற்றத்தைப்போல் பல மடங்கு. பழைய பக்கத்தைப் புரட்டி, "ஆல்ஃபா இல்லை" என்ற வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தான். பக்கத்தில் கருவியின் வகையையும் தேதியையும் குறித்துக்கொண்டான்.