உமியிலிருந்து நானோ சிலிக்கா: பீக்கரிலிருந்து 50 லிட்டர் தொட்டிக்கு

10 கிராம் உமிச்சாம்பலில் பூப்போல வந்த நானோ சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்கான் டை ஆக்சைடு தூள்), 2 கிலோ போட்டதும் கட்டிதட்டிப் போகிறதா? கொள்ளளவு 200 மடங்கு ஏறும்போது பாத்திரத்தின் சுவர்ப்பரப்பு 34 மடங்குதான் ஏறும். சூடு பரவுவதும் கலப்பதும் அங்கேதான் பின்தங்குகின்றன.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து அரிசி ஆலைகளில் உமியாகவே வாங்குங்கள். பாய்லர் சாம்பலில் சூடு மிஞ்சி சிலிக்கா படிகமாகியிருக்கலாம். காரத்தில் லேசில் கரையாது, தூசு நுரையீரலைக் கெடுக்கும். 10 கிலோ உமியை 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மில் 3 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். எவர்சில்வரை இந்த அமிலம் அரித்துவிடும். ஊறவைக்காவிட்டால் உமியிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவோடு உருகி, கரியை உள்ளே பூட்டிவிடும். பிறகு எவ்வளவு எரித்தாலும் வெளுக்காது.

600 முதல் 650 டிகிரியில் எரிக்கவும். தட்டில் 3 செ.மீ.க்கு மேல் பரப்ப வேண்டாம். தடித்த படுகையில் உமியே எரிந்து, மீட்டர் காட்டுவதைவிட உள்ளே சூடு ஏறிவிடும். பல ஈடாகத்தான் போட வேண்டும்.

கிடைக்கும் சுமார் 2 கிலோ வெள்ளைச் சாம்பலை, 16 லிட்டர் தண்ணீரில் 1.6 கிலோ காஸ்டிக் சோடா கரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 3 மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டவும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: காரம் அதைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும். ஆர்.ஓ. தண்ணீரே நல்லது. உப்புப் போர் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சிலிகேட்டாகப் படிந்துவிடும்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். 18 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ அடர் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி ஆறவிடுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முன்பு வடிகட்டிய சிலிகேட் கரைசலை 80 டிகிரியில் வைத்து, கலக்கி இலைக்கு அருகே கொண்டுபோன குழாய் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அமிலத்தைச் செலுத்தவும். மேலிருந்து ஊற்றினால் விழுந்த இடத்திலேயே கூழாகிக் கட்டி விழும். பீக்கரில் நொடியில் கலந்தது இங்கே கலக்காது. பி.எச். (அமில-கார அளவு) 10 அருகே பால்போலத் திரண்டு மோட்டார் திணறும். அமிலத்தை அரை மணி நேரம் நிறுத்தி, கலக்கலை நிறுத்தாமல் வைத்திருந்து, பிறகு 7 வரை இறக்கவும்.

இதில் சேரும் சோடியம் சல்பேட் சுமார் 2.8 கிலோ, சிலிக்காவைவிட அதிகம். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு சொட்டு விட்டாலும் கலங்காத நிலை வரும்வரை சிலிக்காவைக் கழுவுங்கள். அந்த நீரை வாய்க்காலில் விடாதீர்கள், வயலைக் கெடுக்கும். ஆவியாக்கும் தொட்டிக்கு அனுப்புங்கள்.

நேரடியாக வெயிலில் உலர்த்தினால் வற்றும் நீர் துகள்களை இழுத்து இறுக்கிவிடும். கடைசி அலசலை எத்தனாலில் செய்யுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். எக்ஸ்-கதிர் சிதறல் (XRD) சோதனை வரைபடத்தில் 22 டிகிரி கோணத்தின் (2θ) அருகே அகன்ற மேடு மட்டும் தெரிய வேண்டும். கூரான முகடு நின்றால் சிலிக்கா படிகமாகியிருக்கிறது, உலைச் சூட்டைப் பாருங்கள்.