பழைய கார்ல கரண்டே வரலையா? பேட்டரி வாங்க ஓடாதீங்க

சாவியைத் திருப்புறீங்க, டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியல, ஹாரனும் இல்ல, செல்ஃப் மூச்சே விடல. பக்கத்துல நிக்குறவங்க எல்லாரும் ஒரே குரல்ல "பேட்டரி போச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. நானும் ஒரு தடவை அதை நம்பி புது பேட்டரி மாட்டுனேன், நாலு நாள் நல்லா ஓடுச்சு, அஞ்சாம் நாள் பழைய குருடி கதவைத் திறடின்னு திரும்பவும் படுத்துடுச்சு. கடைசில பார்த்தா பேட்டரியோட எர்த் கேபிளை பாடில போல்ட் போட்டிருக்குற இடத்துல பெயின்ட்டுக்கு அடியில துரு, அவ்ளோதான். பழைய வண்டில கரண்ட் இல்லாம போறதில்ல, வழியில எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது, நாம அதை பேட்டரில இருந்து ஒவ்வொரு அடியா பின்தொடர்ந்து போகணும்.

ஆரம்பிக்கும் முன்னாடி மோதிரம், செயின், மெட்டல் வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வைங்க. பேட்டரியைக் கழட்டும்போது எர்த் பக்கம் முதல்ல, மாட்டும்போது எர்த் கடைசில. சார்ஜ் ஆகும்போது பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்துல நெருப்பும் தீப்பொறியும் கூடாது. இன்னொன்னு, ரொம்ப பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலதுல பாசிட்டிவ் தான் எர்த்தா இருக்கும், அதனால எந்த கேபிள் பாடிக்கு போகுதுன்னு கண்ணால பார்த்துட்டு கை வைங்க. நான் கீழ சொல்றதெல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

முதல்ல மீட்டரே வேணாம், ஹெட்லைட்டைப் போட்டு வெச்சுட்டு சாவியை ஸ்டார்ட்டுக்கு திருப்புங்க. லைட் நல்லா எரிஞ்சுட்டு இருந்து சாவி திருப்புனதும் அப்படியே அணைஞ்சு போச்சுன்னா பேட்டரி காலி, இல்லன்னா டெர்மினல்லயோ எர்த்லயோ கனெக்‌ஷன் மோசம். லைட் மங்காம பளிச்சுன்னே எரியுது ஆனா செல்ஃப் எடுக்கலைன்னா பிரச்சனை செல்ஃபோட சொலினாய்டுல (செல்ஃப் மோட்டாருக்கு பெரிய கரண்டை இணைச்சு விடுற ஸ்விட்ச்), அதுக்கு போற சின்ன வயர்ல, இல்ல இக்னிஷன் ஸ்விட்ச்ல. லைட்டே எரியலைன்னா இன்னும் பேட்டரி பக்கத்துலயே நில்லுங்க, உள்ள போகாதீங்க.

இப்போ மல்டிமீட்டர். சும்மா நிக்குற வண்டில பேட்டரி 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், 12.2ன்னா ஏறக்குறைய பாதி, 12க்கு கீழ போயிட்டா சார்ஜ் போட்டுட்டு தான் மத்த டெஸ்ட் எல்லாம், ஏன்னா காலி பேட்டரிய வெச்சு பார்த்தா எல்லா வயரும் கெட்ட வயர் மாதிரியே தெரியும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா சமையல் சோடாவை தண்ணில கரைச்சு ஊத்தி கழுவுங்க, செல்லுக்குள்ள மட்டும் அந்த தண்ணி போகக்கூடாது. வெளிய பளபளன்னு இருக்குற டெர்மினலையும் நம்பாதீங்க, கழட்டி உள்பக்கத்தை உப்புத்தாள் வெச்சு தேய்ங்க, அந்த கறுப்பு படலம் ஒன்னு போதும் வண்டியை நிறுத்த.

எல்லாரும் ஏமாந்து போற இடம் ஒன்னு இருக்கு. மீட்டர் வெச்சு பார்த்தா 12 வோல்ட் காட்டும், அப்போ வயர் நல்லாருக்குன்னு அடுத்ததுக்கு போயிடுவோம். மீட்டர் இழுக்குற கரண்ட் ஒன்னுமே இல்ல, நூத்துல ஒரு இழை மட்டும் மிச்சம் இருக்குற வயர் கூட மீட்டருக்கு 12 காட்டிடும், ஒரு பல்பை எரிய வைன்னா தான் கையை விரிச்சுடும். அதனால பல்பு வெச்ச டெஸ்ட் லேம்ப் ஒன்னு கைல இருக்கணும், பழைய வண்டிக்கு என்னைக் கேட்டா மீட்டரை விட அது தான் நேர்மையான ஆளு. மீட்டர்லயே பார்க்கணும்னா லோடு ஓடும்போது, அதாவது பல்போ மோட்டாரோ கரண்ட் இழுக்கும்போது பாருங்க. ஸ்டார்ட் ஆகாம இருக்க இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குறது) போற சின்ன வயரைக் கழட்டிட்டு, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளை மேல வைங்க (கிளாம்ப் மேல இல்ல, ஈயத்து மேலயே), இன்னொன்னை இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இடத்துல வைங்க, இப்போ ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் வழி சரியில்ல. அதே மாதிரி பாசிட்டிவ் முளைல இருந்து செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட் வரைக்கும் 0.5க்கு மேல போகக்கூடாது. செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க, 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே தொலைஞ்சு போகும், அவ்ளோ சின்ன தடையை சாதா மீட்டர்ல ஓம் வெச்சு கண்டுபிடிக்கவே முடியாது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் பட்டையையும் பாருங்க. கிளட்ச் மாத்தும்போது கழட்டிட்டு திரும்ப போடாம விட்ட வண்டிங்க நிறைய. அது இல்லன்னா கரண்ட் வேற வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா போகும், கேபிள் சூடாகி உருகும், நீங்க கேபிளை மாத்திக்கிட்டே இருப்பீங்க.

எர்த் எல்லாம் சரி, ஆனா வண்டி மொத்தமும் செத்துக் கிடக்குதுன்னா பாசிட்டிவ் டெர்மினல் பக்கத்துல இருந்து போற ஃபியூசிபிள் லிங்க்கை (ஃபியூஸ் மாதிரி தான் உருகி வயரிங்கைக் காப்பாத்துற வயர் துண்டு) மெதுவா இழுத்துப் பாருங்க. அது வயர் மாதிரியே இருக்கும், உள்ள உருகியிருந்தா ரப்பர் மாதிரி நீளும், சில சமயம் மேல கொப்புளம் தெரியும். அதுக்கு பதிலா சாதா வயரைப் போட்டுட்டா அடுத்த தடவை உருகுறது மொத்த வயரிங்கா இருக்கும், தயவுசெஞ்சு அந்த அளவு லிங்க்கையே போடுங்க. ஃபியூஸ் பாக்ஸ்ல, ரெண்டு முனையும் கூம்பா இருக்குற பழைய பீங்கான் ஃபியூஸ்னா, ஃபியூஸ் நல்லா இருந்தும் முனைல களிம்பு பிடிச்சு கரண்ட் விடாது, விரலால ஒரு சுத்து சுத்துனா உயிர் வரும், அப்போ கிளிப்பை தேய்ச்சுட்டு புது ஃபியூஸ் போட்டுடுங்க.

சாவியை ஆட்டுனா லைட் வந்து வந்து போகுதுன்னா இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ஞ்சிருக்கு. ஓடும்போதே மெதுமெதுவா எல்லாம் மங்கி நின்னுச்சுன்னா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) பக்கம் போங்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.8ல இருந்து 14.5 வரை வரணும், வரலைன்னா முதல்ல பெல்ட்டைப் பாருங்க. இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழட்டி "டெஸ்ட்" பண்ற பழக்கம் சிலருக்கு உண்டு, அதுல ஆல்டர்னேட்டர் டையோடே போயிடும், யாரு சொன்னாலும் செய்யாதீங்க.

ராத்திரி நிறுத்துனா காலைல காலின்னா எங்கயோ கசியுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, மீட்டரை 10 ஆம்பியர்ல வெச்சு நெகட்டிவ் முளைக்கும் கழட்டுன கேபிளுக்கும் நடுவுல மாட்டுங்க, அப்படியே செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும், ஜாக்கிரதை. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா கவலை இல்ல. அதிகமா இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க, எதைப் பிடுங்கும்போது சடார்னு குறையுதோ அந்த லைன் தான். டிக்கில மூடுன பிறகும் எரியுற 5 வாட் பல்பு ஒன்னு போதும், 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-அவர் (Ah) தின்னுடும். எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் குறையலைன்னா ஆல்டர்னேட்டரோட தடி வயரைக் கழட்டிப் பாருங்க (பேட்டரி எர்த்தை முதல்ல எடுத்துட்டு), அதுக்கப்புறம் முந்தின ஓனர் ஆடியோவுக்கோ அலாரத்துக்கோ டேப் சுத்தி ஜாயின்ட் போட்ட இடத்தை எல்லாம் பிரிச்சுப் பாருங்க.